திருகினால் ஏறும்

நானாவிடம் எதைக் காட்டி “இது பொருந்துமா?” என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். “ஏறும். பொருந்துமா எண்டு பாக்கணும்.” கமரா லென்ஸுக்கும் அதுதான், தண்ணீர்ப் போத்தல் மூடிக்கும் அதுதான். ஒருமுறை பள்ளிவாசலில் இருந்து இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். இன்னாரின் மகளுக்கு இன்னாரின் மகனைப் பேசுகிறோம், பொடியனை உங்களுக்குத் தெரியும்தானே, பொருத்தமா என்று கேட்டார்கள். நானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு, பதிலின் பின்பாதியை மட்டும் சொன்னார். முன்பாதியைச் சொல்லாமல் விட்டது அவருடைய பண்பு.

நானா என்பது இங்கே முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல். பக்கத்து வீட்டுக்காரன் ஆகையால் நானும் அப்படியே அழைத்தேன். அவருடைய முழுப்பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எனக்குத் தெரியும். கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவனுக்கு இவை தெரியாமல் இராது. இங்கே அவை தேவையில்லை.

உட்துறைமுக வீதிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரு வேலி. அவர் மூதூர்க்காரர். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் கட்டாரில். சோவியத் கப்பல்கள் வந்துபோன காலத்தில் மாலுமிகள் கமராக்களைக் கொண்டுவந்து தேயிலைக்கும் பத்திக் சாரத்துக்கும் மாற்றிக்கொண்டு போவார்களாம். அப்படிச் சேர்ந்தவை அவரிடம் இருந்தன.

“சுங்கச் சட்டப்படி அது கள்ளக்கடத்தல் நானா,” என்றேன்.

“அவன் பரிசு தந்தான். நானும் பரிசு குடுத்தன். அதுக்கும் சட்டமிரிக்கா ஐயா?”

இருந்தது. பிரிவு இலக்கத்தோடு சொன்னேன். அவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

கமராக்கள் மூன்று இனம்: கீவ், ஸோர்க்கி, ஃபெட். கீவ் பெரிய இடத்துப் பிள்ளை. அதன் லென்ஸைத் திருகிப் பூட்ட முடியாது. வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றினால் கொக்கி விழும். மற்ற இரண்டின் லென்ஸையும் அது வாசலிலேயே மறித்துவிடும். ஸோர்க்கியும் ஃபெட்டும் திருகு இனம். இரண்டுக்கும் மரை ஒரே அளவு, ஆகவே ஒன்றின் லென்ஸ் மற்றதில் ஏறும். நானாவுக்கு வேலை தொடங்குவது அங்கேதான். லென்ஸ் உட்காரும் விளிம்பில் இருந்து படச்சுருள் வரையுள்ள தூரம் மயிரளவு பிசகினாலும் படம் மங்கிப்போகும். உலகப் போருக்கு முந்திய ஃபெட் கமராக்களில் அந்தத் தூரம் பெட்டிக்குப் பெட்டி வேறு. தொழிற்சாலையில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு லென்ஸைத் தேய்த்து இணக்கி அனுப்பினார்களாம். அதே பெயர் பொறித்த இன்னொரு ஃபெட்டின் லென்ஸை எடுத்துப் பூட்டினாலும் ஏறும், படம்தான் வராது.

இந்த வகைக் கமராவில் நாம் லென்ஸுக்குள்ளால் பார்ப்பதில்லை. மேலே ஒரு சின்னச் சாளரம் இருக்கும். அதில் இரட்டையாகத் தெரியும் உருவம் ஒன்றாகும் வரை லென்ஸைத் திருப்பிவிட்டு விசையை அழுத்த வேண்டும். லென்ஸ் தவறானது என்றாலும் சாளரத்தில் எல்லாம் அழகாகவே சேரும்.

“அப்ப சன்னல் பொய் சொல்லுதா?” என்று கேட்டேன்.

“பொய் இல்ல ஐயா. தனக்குத் தெரிஞ்சத அது சொல்லுது. லென்ஸ் என்ன செய்யுது எண்டு அதுக்குத் தெரியா. உங்கட கச்சேரி மாதிரி.”

இதையெல்லாம் நான் கேட்டிருக்கிறேன் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கொழும்பில் வங்கியொன்றில் வேலைபார்க்கும் இளைஞர் ஒருவர் ஆறு மணித்தியாலம் பஸ்ஸில் இருந்து நானாவைத் தேடி வந்தார். பழைய ரஷ்யக் கமராப் பைத்தியம். கையில் ஒரு பிற்கால ஸோர்க்கி இருந்தது, லென்ஸ் இல்லை. நானாவின் பிஸ்கட் டின்னில் ஜூபிட்டர் என்று பெயர் பொறித்த லென்ஸ்கள் இரண்டு கிடந்தன. இளைஞர் முதலாவதை எடுத்துத் திருகினார். ஏறவில்லை.

“அது கீவுக்குரியது. பேரும் ஒண்டு, கண்ணாடியும் ஒண்டு. கால் வேற,” என்றார் நானா.

இரண்டாவது வழுக்கிக்கொண்டு ஏறியது.

“பொருந்திட்டுது அங்கிள்!”

“ஏறியிரிக்கி. பொறுங்க.”

அந்தக் கமராவின் முதுகைக் கழற்றலாம். நானா கழற்றி, படச்சுருள் ஓடும் இடத்தில் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடித் துண்டொன்றை வைத்து, அதில் விழும் உருவத்தில், துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலின் கொடிமரத்தைப் பார்த்தார். பிறகு சுவரில் ஒட்டிய பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்த்தார். மறுபடியும் கப்பல். மதியமாகிவிட்டது. இளைஞருக்குச் சோறும் பாரைமீன் கறியும் கொடுத்தார். சாப்பிட்ட பிறகு மறுபடியும் மரண அறிவித்தல்.

“தர ஏலா மகன்.”

“ஏன் அங்கிள், நல்லாத்தானே தெரியுது?”

“கப்பல் சரி. கிட்ட நிண்டு ஒரு ஆள எடுத்தீங்கெண்டா காது தெளியும், கண் மங்கும்.”

“பரவாயில்லை அங்கிள். எனக்கு அலுமாரியில வைக்கத்தான்.”

அந்த வசனத்தை மட்டும் அவர் சொல்லியிருக்கக் கூடாது. நானா லென்ஸைக் கழற்றி டின்னுக்குள் போட்டு மூடினார். “அலுமாரியில வைக்கிறதுக்கு நல்ல கண்ணாடிக் கிளாஸ் விக்கிறான், சந்தைக்குப் பக்கத்தில.”

பின்னேர பஸ்ஸில் இளைஞரை ஏற்றிவிட்டு வரும்போது கேட்டேன். “அவ்வளவு தூரம் வந்த பிள்ளைக்கு ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன நானா?”

“சொன்னா நம்பிருவான் ஐயா. அதுதான் பிரச்சினை.”

இளைஞர் கோபித்துக்கொள்ளவில்லை. இடைக்கிடை கொழும்பில் இருந்து படச்சுருள் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

நானாவுக்கு ஒரு தங்கை. மூதூர்ப் பக்கம் கடலோரமாக அவளுக்கு வீடும் காணியும் இருந்தன. சண்டையில் இடம்பெயர்ந்தபோது காணிக் கடதாசிகள் போயின, பிறகு கணவரும் போனார். சண்டை முடிந்தபோது காணி இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. நகரத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நானாவிடம் வருவாள்.

“காணி கிடைக்குமா நானா?”

“பாக்கணும்.”

“ஒருக்காவாவது ஓம் எண்டு சொல்லன். வாய் வெந்திருமா?”

“கிடைக்கட்டும், சொல்றன்.”

“கிடைச்ச பிறகு நீ என்னத்துக்கு? ஐயா, இந்த மனுசன் சின்னனிலயும் இப்பிடித்தான். பெருநாளுக்குப் பிறை கண்டாச்சு எண்டு ஊரே கத்தும். இவர் மட்டும் கூரையில ஏறி நிண்டு தேடுவார்.”

மனுக்களை நான்தான் எழுதினேன். ஆவணம் இல்லாத இடத்தில் துணைச்சான்று வேண்டும். அவளிடம் ஒரு துணைச்சான்று இருந்தது, ஆனால் அது அந்த வளவுக்குள்ளேயே இருந்தது. கணவர் கடற்தொழிலாளி, தண்ணீரை நம்பாதவர். கிணற்றுக்குக் கட்டுக் கட்டியபோது, ஈரச் சீமெந்தில் ஆணியால் தன் பெயரையும் காணி அனுமதிப்பத்திரத்தின் இலக்கத்தையும் பொறித்துவைத்தாராம். “கடதாசி நனைஞ்சா போயிரும், கிணறு எவ்வளவு நனைஞ்சாலும் போகாது” என்று சொன்னாராம். நான் என் சேவைக் காலத்தில் கண்ட காணிக்காரர்களில் அவரைப் போல் புத்திசாலி ஒருவரும் இல்லை.

இரண்டு வருட மனுக்களுக்குப் பிறகு அனுமதி வந்தது. உரிமை கோருபவரும் உறவினர் ஒருவரும் ஒரு நாள், ஒரு மணித்தியாலம் காணியைப் பார்வையிடலாம். கைபேசி, டிஜிட்டல் கமரா ஆகியன தடை. கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். எழுதியவர் இளம் வயதுக்காரராக இருக்க வேண்டும். படச்சுருள் போடும் கமரா என்று ஒன்று உலகத்தில் இருந்ததே அவருக்கு நினைவில்லை. தடையில் அது இல்லை. தடை செய்யப்படாதது அனுமதிக்கப்பட்டது. எனக்கு அன்று ஏற்பட்ட சந்தோஷம் பதவி உயர்வுக் கடிதத்துக்குக் கூட ஏற்பட்டதில்லை.

“நானா, உங்கட ரஷ்யாக்காரனுக்கு வேலை வந்திருக்கு,” என்றேன்.

அவருக்கு அந்த மாதம்தான் ஒரு கண்ணில் வெள்ளை, அதாவது கண்புரை, எடுக்க ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். மற்றக் கண்ணிலும் படர்ந்திருந்தது, அதற்கு இன்னொரு நாள். போகும்போது என்னிடம் வீட்டுப் பூட்டின் திறப்பைத் தந்தார். “மழை வரப்போகுது ஐயா. கமராக்கள அலுமாரிக்குள்ள தூக்கி வைங்க. ஒரு பட்டியலும் எடுத்தீங்கெண்டா நல்லம்.”

பட்டியல்! பொருட்கணக்கெடுப்புக் குழுவில் இருபது வருடம் இருந்தவனிடம் பட்டியல் கேட்டார். நிரல் போட்டு, இலக்கம் இட்டு, பொருள், அடையாளம், நிலை, குறிப்பு என்று தொடங்கினேன். ரஷ்ய எழுத்துத் தெரியாவிட்டாலும் உருவத்தை ஒப்பிடலாம். ஃபெட் என்பது மூன்றே எழுத்து. ஃபெட் கமராவில் இருந்த லென்ஸில் அந்த மூன்று எழுத்தும் இல்லை. அவை பக்கத்தில் இருந்த பழைய ஸோர்க்கியின் லென்ஸில் இருந்தன. இரண்டு கமராவும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, லென்ஸ்களும் அப்படியே. மனுசன் கண் தெரியாமல் மாற்றிப் பூட்டிவிட்டார் என்று நினைத்தேன். கழற்றி, பெயரை ஒப்பிட்டு, உரியதை உரியதில் பூட்டினேன். இரண்டும் தடையில்லாமல் ஏறின. குறிப்பு நிரலில் ‘சீர்செய்யப்பட்டது’ என்று எழுதினேன்.

நானா வந்து பட்டியலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். எழுத்துச் சின்னது. “வடிவா இரிக்கி ஐயா,” என்று மடித்து வைத்துவிட்டார்.

காணிக்குப் போகும் நாளில் அவர் எடுத்துக்கொண்டு போனது ஃபெட்டை. கீவின் உள்நாடா அறுந்திருந்தது, ஸோர்க்கியின் திரையில் ஊசித் துவாரம். ஃபெட்தான் அவர் முழுக்க நம்பியது. அதன் முதுகு திறக்காது, கண்ணாடித் துண்டு வைத்துப் பார்க்க வழியில்லை. லென்ஸைத் தடவிப் பார்த்திருப்பார். தடவினால் இரண்டும் ஒன்று.

அங்கே நடந்ததைத் தங்கை சொல்லித்தான் அறிந்தேன். வாசலில் நின்ற சிப்பாய் கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கொடுத்தானாம். வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றைச் சுற்றி ஆலங்கன்று வளர்ந்து, உச்சி வெயிலிலும் இருட்டு. அவள் கொடியை இழுத்துப் பிடிக்க, நானா லென்ஸின் வாயை முழுக்கத் திறந்து, ஒரு முழுச் சுருளையும் அந்த எழுத்துக்கே செலவழித்தார். திரும்பி வரும்போது அவள் கேட்டாளாம்: “படம் விழுந்திருக்குமா நானா?”

“ஓம்,” என்றாராம் நானா. அவர் வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததை அவள் எனக்கு மூன்று தரம் சொன்னாள்.

சுருளை அவர் தன் குசினியிலேயே கழுவினார். நான் போனபோது அது சன்னல் கம்பியில் தொங்கியது. நானா பூதக்கண்ணாடியை நல்ல கண்ணில் வைத்து முதல் படத்தில் இருந்து கடைசிப் படம் வரை பார்த்தார். பிறகு என்னிடம் தந்தார். கிணற்றுக்குப் பின்னால் நின்ற ஆலம் இலைகள் நரம்பு நரம்பாகத் தெளிவாக இருந்தன. கிணற்றுக் கட்டில் எழுத்து இருந்த இடம், தண்ணீருக்குள் போட்ட கடதாசி போலக் கரைந்திருந்தது. எல்லாப் படத்திலும்.

அவர் ஃபெட்டை எடுத்து, லென்ஸின் முகத்தை வெயிலுக்குத் திருப்பி, கிட்டப் பிடித்து வாசித்தார்.

“ஐயா, பட்டியல் எடுக்கேக்க லென்ஸக் கழட்டினீங்களா?”

“ஓம். மாறிப் பூட்டியிருந்தது. பேரைப் பாத்துச் சரிப்படுத்தினனான்.”

“ம்.”

லென்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “அந்த ஃபெட் லென்ஸ் வேற ஒரு ஃபெட்டுக்குரியது. இதில சரி வராது. ஸோர்க்கியின்ர லென்ஸுக்கு ஈயத்தாளில வளையம் வெட்டி வெச்சி, சுருள் சுருளா எடுத்துப் பாத்துப் பாத்து, ரெண்டு மாரிகாலம் இதுக்கு இணக்கினன்.” குரலில் கோபம் இல்லை. ஒரு கூட்டல் கணக்கைச் சொல்வது போலச் சொன்னார்.

அதற்குள் தங்கை வேலிப் படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். “வந்திருக்கா நானா?”

நானா சுருளைச் சுருட்டினார். “கை நடுங்கிட்டு. எல்லாம் கெட்டுப்போச்சு.”

எனக்கும் அதற்குள் இவ்வளவு தெரிந்திருந்தது: கை நடுங்கினால் இலையும் நடுங்கியிருக்க வேண்டும். அவளுக்கு அது தெரியாது. அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கதிரையில் இருந்தேன். வேலைக்காலத்தில் என் கீழ் இருந்தவர்களிடம் நூற்றுக்கணக்கான விளக்கக் கடிதங்கள் கேட்டு வாங்கியவன், வாயைத் திறக்கவில்லை.

விசாரணைக்கு அவளோடு நான்தான் போனேன். அதிகாரி நல்லவர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “எழுத்து இருக்கிற மாதிரி இருக்கு. என்ன எழுத்து எண்டு தெரியேல்லையே அம்மா.” அவள் அன்று கிணற்றடியில் பார்த்து எழுதிவந்த துண்டை நீட்டினாள். “இத ஆரும் எழுதலாம் அம்மா,” என்றார். அது சரியான நடைமுறை. அவர் இடத்தில் நான் இருந்தபோது அதே வசனத்தைத்தான் சொல்லியிருக்கிறேன். மறுபடியும் பார்வையிட மனுப் போட்டோம். பதில் வருவதற்குள் அந்த இடத்தைத் தட்டையாக்கிவிட்டார்கள். கப்பல்துறை என்ற ஊரில், கடற்கரையில் இருந்து உள்ளே தள்ளி, அவளுக்கு மாற்றுக் காணி ஒன்று கொடுத்தார்கள். கடலும் இல்லை, கிணற்றுத் தண்ணீரும் இல்லை. பவுசர் லொறியில் தண்ணீர் வரும்.

அவள் நானாவோடு கதைப்பதை நிறுத்தினாள். “நடுங்கிற கை எண்டா முந்தியே சொல்லியிருக்கலாம்தானே. எல்லாத்துக்கும் பாக்கணும் பாக்கணும் எண்ட மனுசன், எனக்கு மட்டும் ஓம் எண்டார்,” என்று என்னிடம் சொன்னாள். அவரைப் பற்றி அவள் பேசியது அதுதான் கடைசி.

நானா மாதத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்துக் கப்பல்துறைக்குப் போவார். முற்றத்தில் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வருவார்.

“கதைச்சாவா?” என்று கேட்பேன்.

“இல்ல. தேத்தண்ணி வந்தது.”

ஒருநாள் நான் துணிந்து சொன்னேன். “நானா, நான் போய்ச் சொல்லிவிடுறன்.”

“சொன்னா காணி வருமா?”

“வராது.”

“அப்ப என்னத்துக்கு? இப்ப அவளுக்கு ஏச ஒராள் இரிக்கி, சொந்த நானா. உங்கள ஏச அவளுக்கு ஏலா. நீங்க வேத்தாள், அவளுக்கு மனு எழுதிக் குடுத்த ஆள். கோவத்த எங்க கொண்டு வைப்பாள்? விடுங்க ஐயா.”

நான் விட்டேன். எனக்கு வசதியான உத்தரவுகளை நான் ஒருபோதும் மீறியதில்லை.

இரண்டு வருடம் அப்படிப் போனது. ஒரு நாள் காலைத் தொழுகைக்குப் போன இடத்தில் நானா விழுந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரை உயிர் இருந்ததாம். மையத்தை, அதாவது உடலை, எடுப்பதற்கு முன் அவர்களிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டார் சார்பில் ஒருவர் எழுந்து, இவர் யாருக்காவது குறை வைத்திருந்தால் மாப்புக் கொடுங்கள், மன்னித்துவிடுங்கள் என்று கூடியிருப்பவர்களிடம் கேட்பார். கேட்டார். முற்றம் முழுக்கக் “குடுத்தம்” என்று முணுமுணுத்தது. அப்போது பெண்கள் இருந்த அறையில் இருந்து ஒருவர் வந்து, மாப்புக் கேட்டவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் உரத்துச் சொன்னார்: “தங்கச்சி மாப்புக் குடுத்திட்டாவாம். காணி விசயத்தில மனசில வெச்சிருந்ததாம். இப்ப ஒண்டும் இல்லையாம்.”

நான் வேலியோரம் நின்றேன். எழுந்து பேச அதைவிடப் பொருத்தமான இடம் எந்த நடைமுறையிலும் இல்லை. மையத்து என்னைக் கடந்து போனது.

கப்பல்துறைக்கு நான் போனது அதற்கு ஏழு மாதம் கழித்து. முற்றத்தில் நானா இருந்த அதே கதிரையைத்தான் போட்டாள். பட்டியல், மூன்று எழுத்து, இரண்டு லென்ஸ், ஆலம் இலை, நானா என்னைச் சொல்லாமல் விடச் சொன்ன காரணம் என்று ஒழுங்காக, தொடக்கத்தில் இருந்து சொன்னேன்.

“அப்ப அவர்ர கை நடுங்கல்ல.”

“இல்லை தங்கச்சி.”

“கண்ணும் பிழையில்ல.”

“இல்லை.”

அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். “ஐயா, ஊர் கேக்க நான் அவருக்கு மாப்புக் குடுத்தன். செய்யாத பிழைக்குக் குடுத்திரிக்கன். ரெண்டு வருசம் இந்த முத்தத்தில இருத்தி வெச்சி ஒரு சொல்லுக் கதைக்காம அனுப்பினது நான். அது நான் செஞ்ச பிழை. அதுக்கு நான் இனி ஆரிட்டப் போய்க் கேக்கிற?”

அவள் வாசற்படியில் ஏறி நின்றாள்.

“அவர் உயிரோட இருக்கேக்க சொல்லியிருந்தீங்கெண்டா உங்கள ஏசியிருப்பன். எனக்கு ஏலா எண்டு அவர் பிழையாச் சொல்லியிரிக்கார், எனக்கு ஏசத் தெரியும். அவர்ர காலப் பிடிச்சிருப்பன். முடிஞ்சிருக்கும்.”

“தங்கச்சி…”

“நீங்க கேட்டு வந்தது உங்களுக்கு மாப்புத்தானே. தந்திட்டன். எடுத்துக்கொண்டு போங்க ஐயா, பஸ் வந்திரும்.”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்று தேத்தண்ணி வரவில்லை.